அடைப்புக்குறிக்குள் மூன்று

பிரிண்ட் கடைக்குப் புதிதாக வந்திருக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் எழுதுவது.

நீங்கள் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி எனக்கு ஆள் அனுப்பினார். "இத்தன வருசம் இங்கன இருந்திருக்கிய. பிள்ளையளுக்கு நாலு வார்த்த சொல்லிட்டுப் போங்க" என்றார். நானும் வந்தேன். நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, நீங்கள் மூன்று பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "நல்லா வேல பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். மூன்று பேர் சேர்ந்து பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. மெஷினுக்குப் பின்னால் நிற்கிற வேலை கிடைத்ததால்தான் இருபத்திரண்டு வருசம் ஓட்ட முடிந்தது. அதனால் எழுதித் தருகிறேன். இது அஞ்சாம் வகுப்பு எழுத்து. பொறுத்து வாசியுங்கள்.

பேப்பர் போடுவது, மை மாற்றுவது, சிக்கின தாளை எடுப்பது எல்லாம் ஒரு வாரத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும். அதை நான் எழுதப்போவதில்லை. சந்தேகப்படுவதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அது எனக்குக் கைவரப் பதினெட்டு வருசம் ஆனது. அப்போதும் தாமதமாகத்தான் வந்தது.

நான் அந்தக் கடைக்குப் பெருக்கித் துடைக்க வந்தவள். இங்கிலீஷில் ஏ முதல் இசட் வரை எழுத்துத் தெரியும். சேர்த்து வாசிக்கத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. அப்போது மெஷின் பார்த்தவர் ஒரு அண்ணாச்சி. சிடுசிடுப்பானவர். அவருக்குக் கண்ணில் புரை விழுந்து திரை மங்கிக்கொண்டே வந்தது. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, தூத்துப் பெருக்கிக்கொண்டிருந்த என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொள்வார்.

"பைய சொல்லு. இந்தப் ஃபைல்ல என்ன எழுதியிருக்கு?"

"எனக்கு வாசிக்கத் தெரியாதே அண்ணாச்சி."

"பேர நீ வாசிக்காண்டாம். பேரு எவனும் வைப்பான். கலெக்டர் உத்தரவுன்னு எம் பேத்தி கூட வைப்பா. கடைசியில ஒரு புள்ளி நிக்குல்லா? அதுக்குப் பொறத்தால என்ன எழுத்து? ஒண்ணொண்ணாச் சொல்லு."

இப்படித்தான் கற்றுக்கொண்டேன். அவருக்குக் கண் தேவைப்பட்டது. எனக்கு வேலை கிடைத்தது. பிறகு புதுக் கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கியபோது அந்தப் புள்ளியும் அதன் பின்னால் உள்ள எழுத்தும் திரையில் தெரியவே இல்லை. மறைத்துத்தான் விற்கிறார்கள். "மூஞ்சிய மட்டும் காட்டி வால ஒளிச்சு வச்சிருக்கான். எதுக்கு ஒளிக்கணும்?" என்று அண்ணாச்சி முதல் வேலையாக அதைத் தெரியும்படி மாற்றவைத்தார். உங்கள் மூன்று கம்ப்யூட்டரிலும் அது தெரிகிறதா என்று நாளைக்குக் காலையில் பாருங்கள். தெரியாவிட்டால் முதலாளியிடம் சொல்லி மாற்றாமல் எந்தப் ஃபைலையும் திறக்காதீர்கள்.

எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். புள்ளிக்குப் பின்னால் டாக், அல்லது டாக் எக்ஸ் என்று இருந்தால் அது கரைத்து வைத்த மாவு. யார் கைபட்டாலும் மாறும், இன்னொரு கம்ப்யூட்டரில் ஊற்றினால் வேறு மாதிரி பரவும். பிடிஎஃப் என்றால் சுட்டெடுத்த தோசை. எந்தத் தட்டில் வைத்தாலும் அதே வட்டம், அதே கருகல். ஜேபிஜி போட்டோ. அதில் எழுத்து தெரியும், ஆனால் அது எழுத்தைப் பிடித்த படம். ஜிப் என்பது மூட்டை. அவிழ்க்காமல் உள்ளே இருப்பதை யாரும் சொல்ல முடியாது. ஏபிகே என்றோ இஎக்ஸ்இ என்றோ முடிந்தால் அது பேப்பரே இல்லை. கல்யாணப் பத்திரிகை என்றும் கரண்ட் பில் என்றும் பேர் போட்டுக்கொண்டு வரும். திறந்தால் ஒரு ஆள் உள்ளே புகுந்த மாதிரி. அதை வாசலோடு நிறுத்திவிடுங்கள்.

மாவு என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. மெஷின் என் பொறுப்புக்கு வந்த புதிதில், ஏரல் பக்கத்துக்காரர் ஒருவர் தன் அனுபவச் சான்றிதழை டாக்கில் கொண்டுவந்தார். அதைத் திரையில் திறந்து வைத்துவிட்டு, பழக்கதோசத்தில் ஈரத்துணியால் கீபோர்டைத் துடைத்தேன். துடைத்துவிட்டு அடித்துக் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்தார்.

"ஏம்மா, எம் பேருக்குப் பின்னால ஏழு ஜி நிக்கே! டில்லியில இருந்து எதும் பட்டம் குடுத்திருக்காவளா?"

கடையே சிரித்தது. நான் மெஷினுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். அவர் பார்த்ததால் போயிற்று. பார்க்காமல் போயிருந்தால் அந்த ஏழு எழுத்தும் இன்டர்வியூவில் போய் உட்கார்ந்திருக்கும். ஒரு ஈரத்துணி எழுதினால்கூட டாக் ஏற்றுக்கொள்ளும் என்று அன்றைக்குத் தெரிந்தது. தெரிந்துமே எத்தனை பேருக்கு எதையெல்லாம் அடித்துக் கொடுத்தேன் என்பதைச் சொல்லத்தான் இத்தனை தூரம் எழுதிக்கொண்டு வருகிறேன்.

நாலு வருசம் இருக்கும். ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று மணி. முதலாளி ஆழ்வார்திருநகரியில் ஒரு விசேஷ வீட்டுக்குப் போயிருந்தார். கடையில் நான் ஒருத்திதான். மேலப்பாளையத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பேர் மைமூன் என்று பிறகு தெரிந்தது. முப்பத்தைந்து வயசு இருக்கும். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி நூலால் கட்டி வைத்திருந்தாள். பீடிக் கட்டுக்குப் போடுகிற அதே முடிச்சு. விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டினாள், முடிச்சு அவிழ்ந்தது.

"அக்கா, விசா பிரிண்ட் எடுக்கணும். கலர்லயே எடுங்க."

ஏஜென்ட் அனுப்பினது என்று போனில் ஒரு லிங்க்கைக் காட்டினாள். கடைக் கம்ப்யூட்டரில் அதைத் திறந்தேன். ஒரு வெப்சைட் வந்தது. மேலே ஒரு நாட்டுக் கொடி, பக்கத்தில் பறக்கிற விமானம், நடுவில் பச்சைப் பொத்தான். பாஸ்போர்ட் நம்பரைப் போட்டுப் பொத்தானை அமுக்கினதும் ஃபைல் டவுன்லோட் ஆகி மூலையில் வந்து நின்றது. விசா. அதன் பிறகு அடைப்புக்குறிக்குள் மூன்று. பிறகு புள்ளி. பிறகு டாக் எக்ஸ்.

எல்லாவற்றையும் பார்த்தேன். மூன்றையும் பார்த்தேன், டாக் எக்ஸையும் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

திறந்ததும் திரையின் தலையில் மஞ்சள் பட்டை வந்தது. வெளியிலிருந்து வந்த ஃபைல், கவனம் என்று அதற்கு அர்த்தம் என முதலாளி சொல்லியிருக்கிறார். ஆனால் அதில் இருக்கிற பொத்தானை அமுக்கினால்தான் பிரிண்ட் போகும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை அமுக்கிப் பழகின விரல். அமுக்கினேன். உடனே தாளுக்குள் ஒரு சின்னக் கோடு நின்று துடித்தது. மைமூன் பேருக்கு அடியில் சிவப்பாக ஒரு நெளிகோடு விழுந்தது.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் என் நோட்டில் போடுகிற கோடு மாதிரியே இருக்கும் அது. கம்ப்யூட்டருக்குத் தெரியாத பேருக்கெல்லாம் போடும். நம் ஊர்ப் பேர் எதுவும் அதற்குத் தெரியாது. அதனால் கோடு விழுந்தது தப்பில்லை. ஆனால் அது மாவில்தான் விழும். சுட்டெடுத்ததில் விழாது. ஒரு நாட்டு சர்க்கார் தன் முத்திரை போட்ட தாளை, யார் வேண்டுமானாலும் கை வைக்கட்டும் என்று மாவாகவா அனுப்பும்?

இந்தக் கேள்வி மனசுக்குள் வந்தது. வாய்க்கு வரவில்லை. பின்னால் ஒரு வக்கீல் குமாஸ்தா ஒரு கட்டுக் காகிதத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா, அடிக்கியளா, இல்ல திரையப் பாத்து முழிச்சிட்டே நிக்கப்போறியளா? கோர்ட்ட மூடிருவான்."

அடித்துவிட்டேன். தாள் வெளியே வந்தது. அதில் மஞ்சள் பட்டை இல்லை, துடிக்கிற கோடு இல்லை, சிவப்பு நெளியும் இல்லை. சந்தேகம் வரும்படியாக இருந்ததை எல்லாம் திரையிலேயே விட்டுவிட்டு, மெஷின் சுத்தமான ஒரு விசாவைத் தள்ளியது. பிள்ளைகளே, இதை மறக்காதீர்கள். நாம் அடித்துக் கொடுத்த பிறகு ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியாது. பார்க்கிற கடைசி ஆள் நாம்தான்.

மைமூன் தாளை வாங்கினவள் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தாளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அக்கா, இதுல என்ன வேலைன்னு போட்டிருக்கு? வீட்டுச் சமையல்னு சொன்னாவ. அப்படித்தானா போட்டிருக்கு?"

நான் மெஷின் தட்டில் பேப்பர் அடுக்கினேன்.

"தினமும் இதத்தானே பாத்துட்டு இருக்கிய. கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்களேன்."

பதினெட்டு வருசமாக அந்தக் கடையில் நான் வாசிக்கிற மாதிரி நடித்தே வந்தவள். தாளைக் கையில் எடுத்து, கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டி, தலையை ஆட்டிவிட்டுக் கொடுப்பேன். அன்றைக்கும் அப்படிச் செய்திருக்கலாம். குமாஸ்தா வேறு பக்கத்தில் நிற்கிறார். ஆனால் அவள் கேட்டது சும்மா கேட்ட கேள்வி இல்லை.

"எனக்கு வாசிக்கத் தெரியாதும்மா" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "அல்லாவே! நானும் தெரியாதவ, நீங்களும் தெரியாதவ. நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல இந்தப் பேப்பரு மகாராணி மாதிரி உக்காந்திருக்கு."

"எப்பம் கெளம்புதிய?"

"ராத்திரி எட்டு மணிக்கு வேன் வருது. திருவனந்தபுரம் போயி, விடியக்காலம் பிளைட்டு. மக பத்தாவது படிக்கா. எங்க உம்மாட்ட விட்டுட்டுப் போறேன்."

எட்டு மணிக்கு ஐந்து மணி நேரம் இருந்தது. எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்ல வராததால் செய்துகாட்டினேன். திரையை அவள் பக்கம் திருப்பி, கீபோர்டை நகர்த்தி வைத்தேன்.

"ஏதாவது ஒரு எழுத்தத் தட்டுங்கம்மா."

"எம் விசாவுலயா? கெட்டுப் போயிராதா?"

"தட்டுங்க."

ஒற்றை விரலால் தட்டினாள். விசாவில் அவள் பேருக்குப் பக்கத்தில் ஒரு புது எழுத்து வந்து ஒட்டிக்கொண்டது. சூடு பட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டாள்.

"இதென்ன கூத்து? எம் விசாவுல நானே எழுதலாமா?"

"நீங்களும் எழுதலாம், நானும் எழுதலாம். அந்தா நிக்காவள்லா, அவியளும் எழுதலாம்."

"என்னைய ஏம்மா இழுக்கிய?" என்றார் குமாஸ்தா. ஆனால் எட்டிப் பார்த்தார்.

மைமூன் உடனே ஏஜென்ட்டைக் கூப்பிட்டு, போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். "அண்ணே, கடையில இந்தப் ஃபைலு பூட்டாத ஃபைலுங்காவ. யாரு வேணும்னாலும் எழுதலாமாம்."

அந்த ஆள் குரல் அவ்வளவு இனிப்பு. "தங்கச்சி, பிடிஎஃப் தானே வேணும்? அஞ்சு நிமிசம் பொறு. அதே லிங்க்க மறுபடி அமுக்கு, வந்துரும். அந்தக் கடைக்காரிக்கு வேல தெரியல போல. வேற நல்ல கடையாப் பாத்துப் போயேன்."

சொன்ன மாதிரியே வந்தது. விசா, புள்ளி, பிடிஎஃப். மஞ்சள் பட்டை இல்லை, நெளிகோடு இல்லை. எந்தக் கட்டையைத் தட்டினாலும் அசையவில்லை. மைமூன் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"இப்பம் சுட்டுக் குடுத்துட்டான்லா? திருப்தியாக்கா?" தோசைக் கணக்கை அதற்குள் அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

"பெறகென்ன, அடிச்சுக் குடுங்க" என்றார் குமாஸ்தா.

டாக் வந்தபோது எனக்குப் பாதிச் சந்தேகம்தான். பிடிஎஃப் வந்தபோதுதான் முழுதாக ஆனது. சர்க்கார் சுட்டு அனுப்பியிருந்தால் தோசை முதலிலேயே இருந்திருக்கும். கேட்ட பிறகு ஐந்து நிமிசத்தில் வந்தது என்றால் மாவும் கல்லும் அந்த ஆள் வீட்டிலேயே இருக்கிறது. யார் சுட்டது என்று தோசையில் எழுதியிருக்காது. பிடிஎஃப் என்றால் நம்பலாம் என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். அதை இனிமேல் மாற்றுவது சிரமம் என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதற்குச் சாட்சி இல்லை.

முதலாளிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மைமூன் பாஸ்போர்ட்டை வாங்கி, எனக்குத் தெரிந்த எண்களை மட்டும் ஒவ்வொன்றாக விசாவோடு ஒத்துப் பார்த்தேன். பாஸ்போர்ட் நம்பர் சரி. பிறந்த நாள், மாசம், வருசம் எல்லாம் சரி. ஒரு தப்புகூட இல்லை. தப்பு இருந்தால் காட்டிவிடலாம். இல்லாத தப்பை எப்படிக் காட்டுவது?

அப்போதுதான் தோன்றியது. அந்தத் தாளில் தப்பைத் தேட வேண்டாம், தப்பாக ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம். மைமூன் காதோடு சொன்னேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆளப் பாத்தா வாயில்லாத ஆளு மாதிரி இருக்கிய. உள்ளுக்குள்ள இம்புட்டு இருக்கா?"

மறுபடி போன் போட்டாள். நான் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றேன்.

"அண்ணே, பிடிஎஃப் வந்துட்டு. ஆனா பொறந்த வருசம் தப்பால்லா போட்டிருக்கு. நான் இதுல போட்டதுக்குப் பத்து வருசம் கழிச்சுப் பொறந்தவ."

அவன் நல்லவனாக இருக்கட்டும் என்றுதான் பதில் வருவதற்குள் நான் சாமி கும்பிட்டேன். 'பாஸ்போர்ட்ட நல்லாப் பாரும்மா, சரியாத்தான் இருக்கு' என்று சொல்லட்டும். 'விசாவ நான் மாத்த முடியாது, அந்த நாட்டு ஆபீஸுக்குத்தான் எழுதணும்' என்று சொல்லட்டும். இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் நான் மைமூனிடம் மன்னிப்புக் கேட்டு, கலரில் அடித்துக் கையில் கொடுத்திருப்பேன்.

"அப்படியா தங்கச்சி? எம்பஸியில தப்பா அடிச்சிருப்பாவ. அதுக்கென்ன, மாத்திப்புடலாம். பத்து நிமிசம் குடு."

குமாஸ்தா தன் காகிதக் கட்டை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"கோர்ட்ட மூடிருவாவளே" என்றாள் மைமூன்.

"மூடட்டும். இது என்ன ஆகுதுன்னு பாக்காண்டாமா?"

பத்து நிமிசம்கூட ஆகவில்லை. போனில் செய்தி வந்தது. பச்சைப் பொத்தானை அமுக்கினேன். விசா, அடைப்புக்குறிக்குள் ஒன்று, புள்ளி, பிடிஎஃப். திறந்தேன். அதே கொடி, அதே முத்திரை, அதே போட்டோ, அடியில் ஸ்கேன் பண்ணுகிற அதே கறுப்புக் கட்டம். பிறந்த வருசம் மட்டும் பத்து கூடி நின்றது.

எண் வாசிக்க மைமூனுக்கும் தெரியும். விரலை வைத்து வைத்துப் பார்த்தாள். பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"எங்க உம்மா வலியெடுத்துப் பெத்த வருசத்த இவன் பத்து நிமிசத்துல மாத்துதான்" என்றாள். "இன்னொரு தடவ போன் போட்டா என்னையக் கல்யாணமே ஆகாதவளா ஆக்கிருவான் போல."

சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். அவள் சிரிப்பு நிற்கவில்லை. பிறகுதான் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. குமாஸ்தா எழுந்து போய்க் குடத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டாள்.

"உம்மா, எட்டு மணிக்கு வேன் வந்தா திருப்பி அனுப்பிரு. நான் போகல. இல்ல உம்மா, எனக்கு ஒண்ணும் ஆகல. ஆகக்கூடாதுன்னுதான் சொல்லுதேன். அழாத. பிள்ளட்ட குடு."

ஆறு மணிக்கு முதலாளி வந்தார். அந்த நாட்டின் சொந்த வெப்சைட்டைத் தேடி எடுத்து, மைமூன் பாஸ்போர்ட் நம்பரைப் போட்டுப் பார்த்தார். அப்படி ஒரு விசாவே இல்லை என்று வந்தது. ஏஜென்ட்டின் வெப்சைட்டைக் காட்டலாம் என்று லிங்க்கை அமுக்கினால் வெள்ளைத் திரை. கொடி இல்லை, விமானம் இல்லை. அவன் போனும் அணைந்திருந்தது. வேனைத் திருப்பி அனுப்பச் சொன்னது எப்படியோ அவன் காதுக்குப் போயிருக்கும்.

முதலாளி செய்ததை ஐந்தாம் வகுப்புப் படித்த நானும் செய்திருக்கலாம். எனக்கு அந்த வழி தெரியாது. உங்களுக்குத் தெரியும். நீங்கள் மூன்று பேரும் காலேஜ் படித்தவர்கள். ஒரு தாள் எங்கிருந்து வந்தது என்று அதைக் கொண்டுவந்தவரின் லிங்க்கில் போய்க் கேட்காதீர்கள். கொடுத்ததாகச் சொல்லப்படுகிறவரின் வாசலுக்கு நீங்களே தேடிப் போய்க் கேளுங்கள். வால் எழுத்தைப் பார்ப்பது சந்தேகத்தின் தொடக்கம்தான். டாக்கில் வருவதெல்லாம் பொய் என்றும் நான் சொல்லவில்லை. பயோடேட்டா டாக்கில்தான் வரும், வரவும் வேண்டும், நாளைக்குத் திருத்த வேண்டும் அல்லவா. ஆளைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. அந்தத் தாள் ஏன் அந்த வாலோடு வந்தது என்று கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் என்னை மாதிரி திரையைத் திருப்பியாவது காட்டுங்கள்.

இத்தோடு முடித்திருந்தால் எனக்கு நல்ல பேர். மைமூன் இப்போதும் கடைக்கு வருவாள், நீங்களே பார்ப்பீர்கள். ரேஷன் கார்டு ஆனாலும் சரி, மகள் மார்க் ஷீட் ஆனாலும் சரி, "மாவா, தோசையா?" என்று கேட்காமல் வாங்கமாட்டாள்.

ஆனால் அந்த அடைப்புக்குறி என்னை விடவில்லை. பிடிஎஃப் இரண்டாம் தடவை வந்தபோது ஒன்று என்று போட்டிருந்தது. முன்னால் அதே பேரில் ஒன்று வந்து கிடப்பதால் ஒன்று. அப்படியானால் மைமூனின் டாக் எக்ஸ் முதல்முறை வந்தபோதே மூன்று என்று போட்டிருந்ததே?

வாடிக்கைக்காரர் ஃபைலை வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்பது கடைச் சட்டம். நல்ல சட்டம், நீங்களும் மறக்காமல் அழியுங்கள். திரையில் மூடினாலே அழிந்துபோகும் என்று நான் நினைத்திருந்தேன். மூடினது எல்லாம் டவுன்லோட் பெட்டிக்குள் போய் அப்படியே கிடந்தது. முதலாளி அதைத் திறந்தார். விசா. விசா, அடைப்புக்குறிக்குள் ஒன்று. விசா, அடைப்புக்குறிக்குள் இரண்டு. ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க ஒவ்வொரு பெண் முகம் வந்தது. அதே கொடி, அதே முத்திரை. மூன்று பேர் பேருக்கு அடியிலும் சிவப்புக் கோடு. மூன்று பேரும் அந்தக் கடைக்கு வந்தவர்கள். மஞ்சள் பட்டையை அமுக்கினது என் விரல். பார்க்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். பார்த்தேன். மூன்று தடவையும் பார்த்தேன். வரிசையில் ஆள் நின்றது, கேட்கவில்லை.

வெப்சைட் மறைந்துபோனதால் போலீசுக்குக் கொடுக்க அந்த ஃபைல்கள்தான் மிச்சம் இருந்தன. நான் அழிக்காமல் விட்ட தப்பு அதற்கு உதவியது. பாஸ்போர்ட் நம்பரை வைத்து வீடுகளைக் கண்டுபிடித்தார்கள். ஒரு பெண் காய்ச்சலில் படுத்ததால் பயணமே போகவில்லை. இன்னொருத்தியை ஏர்போர்ட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மானக்கேடு என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. முதல் ஃபைல், எண் எதுவும் போடாத விசா, அந்தப் பெண் மட்டும் போய்விட்டாள். எந்தப் பேப்பரில், எந்த வழியாக, எந்த ஊருக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. முதல் இரண்டு மாசம் வீட்டுக்குப் போன் வந்ததாம்; எந்த ஊரில் இருக்கிறாள் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லையாம். அதன் பிறகு இல்லை. இன்றுவரை நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவளை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பச்சைச் சேலை. மழை தூறிக்கொண்டிருந்தது. தாள் நனைந்துவிடும் என்று லேமினேட் பண்ணித் தரக் கேட்டாள். பண்ணினேன். அட்டை சூடாக வந்தது. முந்தானையால் பிடித்து ஆறவைத்து, ஓரத்தை நேராக வெட்டி, இரண்டு கையாலும் கொடுத்தேன். அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"நல்லா இருக்குல்லாக்கா?" என்று கேட்டாள்.

நல்லா இருக்கு என்று சொன்னேன்.